கிண்ணத்தை வென்ற கோலை அடித்தவர் ஏன் இரண்டாம் பிரிவுக்குச் சென்றார்? ஜிம்மி ஸ்பியர்ஸ் பற்றி ஒரு கேள்வி

கல்லடிப் பயிற்றுநர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கி வருகிறேன். மாரி மழையில் மைதானத்தில் தண்ணீர் கட்டி நிற்கும் நாட்களில் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடாமல், பக்கத்து மண்டபத்தில் இருத்தி, பழைய வீரர்களின் வரலாற்றைச் சொல்வது என் வழக்கம். பெலே, மரடோனா என்று தொடங்கிய அந்தப் பேச்சு ஆண்டுகள் பின்னோக்கிப் போய், இப்போது முதலாம் உலகப் போருக்கு முந்திய தொழில்முறை வீரர்களிடம் வந்து நிற்கிறது. சென்ற வாரம் நான் எடுத்துக்கொண்டவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜிம்மி ஸ்பியர்ஸ்.

அவர் 1886ஆம் ஆண்டு மார்ச் மாதம் கிளாஸ்கோ நகரை அடுத்த கோவன் என்ற இடத்தில் பிறந்தவர். கப்பல் கட்டும் தளங்கள் நிறைந்த ஊர் அது. றேஞ்சர்ஸ் கழகத்தின் ஐப்ரொக்ஸ் மைதானமும் அங்கேதான் இருக்கிறது. மேரிஹில் என்ற சிறிய கழகத்தில் ஆடிவிட்டு, 1905இல் தன் சொந்த ஊரின் பெரிய கழகமான றேஞ்சர்ஸில் சேர்ந்தார். 1908 மார்ச்சில் டண்டீ நகரில் வேல்ஸுக்கு எதிராக ஸ்கொட்லாந்து அணியில் ஆடினார். அந்த ஆட்டத்தை ஸ்கொட்லாந்து 2-1 என வென்றது. எனினும் நாட்டின் அணியில் அவர் ஆடியது அந்த ஒரே ஒரு முறைதான். அதே ஆண்டில் கிளைட் கழகத்துக்கு மாறி, 1909இல் எல்லையைக் கடந்து இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் சிற்றிக்கு வந்தார்.

பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தது இதற்குப் பிறகுதான். பிராட்ஃபோர்ட் சிற்றி 1903 வரை ரக்பி ஆடிய ஒரு கழகம். மன்னிங்ஹாம் என்ற பெயரில் ரக்பியில் சம்பியனாகக்கூட வந்திருந்த அந்தக் கழகம், 1903இல் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டு உதைபந்தாட்டத்துக்கு வந்தது; ஒரு ஆட்டம்கூட ஆடியிராத நிலையிலேயே லீக்கின் இரண்டாம் பிரிவில் அதற்கு இடமும் கிடைத்தது. எட்டே ஆண்டுகளில், 1911இல், அது இங்கிலாந்துச் சங்கக் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் நின்றது. எதிரணி, முந்திய ஆண்டு கிண்ணத்தை வென்றிருந்த நியூகாஸில் யுனைற்றெட். ஏப்ரல் 22ஆம் திகதி லண்டன் கிறிஸ்டல் பலஸில் சுமார் 69,000 பேர் பார்த்திருக்க, ஆட்டம் கோலின்றி முடிந்தது. நான்கு நாட்கள் கழித்து மன்செஸ்டரின் ஓல்ட் ட்ரஃபோர்டில் மறுபடியும் ஆடினார்கள். 15ஆம் நிமிட அளவில் விழுந்த ஒரே கோலில் பிராட்ஃபோர்ட் வென்றது. அடித்தவர் ஸ்பியர்ஸ், அணித்தலைவரும் அவரே. அந்த ஆண்டுதான் புதிய கிண்ணமொன்று செய்யப்பட்டிருந்தது, அதைச் செய்தது பிராட்ஃபோர்ட் நகரின் ஃபற்றொரினி நிறுவனம். ஆகவே அந்த நகரத்தில் வார்த்த கிண்ணம் முதல் ஆண்டிலேயே அந்த நகரத்துக்குத் திரும்பி வந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, அவர் 1912 டிசம்பரில் இரண்டாம் பிரிவில் இருந்த லீட்ஸ் சிற்றிக்கு 1,400 பவுணுக்கு விற்கப்பட்டார் என்றேன். பின்வரிசையில் இருந்த ஒரு பையன் கையை உயர்த்தி, “சேர், கிண்ணத்தைத் தூக்கின கப்டன், 26 வயசு. ஒன்றரை வருசத்தில கீழ்ப் பிரிவுக்கு ஏன் போனவர்? ஏதும் பிழை செஞ்சவரா?” என்று கேட்டான். பிழை ஏதும் செய்ததாக நான் எங்கும் படித்ததில்லை என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. அந்தப் பதில் எனக்கே போதவில்லை. அந்தக் காலத்துத் தொழில்முறை வீரர் ஒருவர் எப்படிச் சம்பளம் பெற்றார், எப்படிக் கழகம் மாறினார், ‘கீழே போவது’ என்பதற்கு அப்போது என்ன பொருள் இருந்தது என்பதை விளங்கியவர்கள் எழுதினால், அடுத்த மழைநாளில் அவனுக்கு ஒரு நல்ல பதில் சொல்வேன்.

ஏறாவூர் மத்தியஸ்தர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், சேர். அந்தப் பையனின் கேள்வியை நான் மிகவும் விரும்புகிறேன். அதற்குள் இன்றைய உதைபந்தாட்டத்தைப் பார்த்துப் பழகிய ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. மேற்பிரிவு என்றால் பெரிய சம்பளம், கீழ்ப்பிரிவு என்றால் சிறிய சம்பளம் என்ற கணக்கு அது. ஸ்பியர்ஸின் காலத்தில் இங்கிலாந்தில் அந்தக் கணக்கே கிடையாது என்பதைத்தான் அவனுக்கு முதலில் சொல்ல வேண்டும்.

1901 முதல் இங்கிலாந்தில் தொழில்முறை வீரர் எவருக்கும் வாரத்துக்கு 4 பவுணுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்ற உச்சவரம்பு இருந்தது. 1910க்குப் பிறகு, ஒரு கழகத்தில் நீண்ட சேவை செய்தவருக்குப் படிப்படியாக 5 பவுண் வரை உயர்த்தலாம் என்று சிறிது தளர்த்தினார்கள். இந்த வரம்பு முதலாம் பிரிவுக்கும் இரண்டாம் பிரிவுக்கும் ஒன்றே. கிண்ணத்தைத் தூக்கிய அணித்தலைவருக்கும், இரண்டாம் பிரிவில் கடைசி இடத்தில் கிடக்கும் கழகத்தின் நடுவரிசை வீரருக்கும் சட்டப்படி கிடைக்கக்கூடிய உச்சத்தொகை ஒன்றாகவே இருந்தது. தொழில் தேர்ந்த ஒரு கைவினைஞர் வாரத்துக்கு இரண்டு பவுணை எட்டவே பாடுபட்ட காலம் அது என்பதால், 4 பவுண் குறைந்த வருமானம் அல்ல. ஆனால் எவ்வளவு திறமை காட்டினாலும் அந்தக் கூரையில் தலை இடிக்கும். ஆகையால் பிராட்ஃபோர்டிலிருந்து லீட்ஸுக்குப் போவது ஸ்பியர்ஸின் சட்டைப்பைக்கு ஒரு வீழ்ச்சியே அல்ல. தூரத்தைப் பார்த்தாலும், மட்டக்களப்பு நகரிலிருந்து எங்கள் ஏறாவூருக்கு வருவது போன்றதுதான், 15 கிலோமீட்டர் அளவு.

அடுத்தது, ‘ஏன் போனார்’ என்ற சொல். போவதா இருப்பதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை வீரரிடம் இருக்கவில்லை. ‘தக்கவைத்தலும் மாற்றுதலும்’ என்று நாம் சொல்லக்கூடிய ஒரு முறை அப்போது நடைமுறையில் இருந்தது. ஒப்பந்தம் ஒரு பருவகாலத்துக்குத்தான் எழுதப்படும். பருவகாலம் முடிந்ததும் கழகம், தான் தக்கவைத்துக்கொள்ளும் வீரர்களின் பட்டியலை லீக்குக்கு அனுப்பும். அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால், ஒப்பந்தம் முடிந்திருந்தாலும் அந்த வீரரால் லீக்கிலுள்ள வேறெந்தக் கழகத்துக்கும் ஆட முடியாது. அவருடைய பதிவு கழகத்தின் சொத்து. கழகம் விரும்பினால் அதை விற்கும். பணம் கழகத்திலிருந்து கழகத்துக்குப் போகும். லீட்ஸ் கொடுத்த 1,400 பவுண் அக்காலத்தில் மிகப் பெரிய தொகை. வீரர் ஒருவரின் விலை முதன்முதலாக 1,000 பவுணைத் தொட்டதே 1905இல்தான். ஆனால் கையொப்பமிடும் வீரருக்கு விதிப்படி கொடுக்கக்கூடிய கையொப்பப் பணம் 10 பவுண் மட்டுமே.

இந்த முறையை எதிர்த்து அஸ்டன் வில்லா வீரர் ஹேபேட் கிங்கபி தொடுத்த வழக்கு 1912இல், அதாவது ஸ்பியர்ஸ் விற்கப்பட்ட அதே ஆண்டில், தோற்றுப்போனது. உச்சவரம்பு நீங்க 1961 வரையும், தக்கவைக்கும் முறை நீதிமன்றத்தில் அடிபட 1963 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதை நான் புத்தகத்தில் படித்த செய்தியாக மட்டும் எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு எனக்குத் தெரிந்த ஒரு பையன், நல்ல இடது காலுள்ளவன், தான் பதிவு செய்திருந்த ஊர்க் கழகத்திலிருந்து வேறு கழகத்துக்குப் போக விரும்பினான். அவனைக் களத்தில் இறக்கவும் பழைய கழகத்துக்கு மனமில்லை, விடுவிப்புக் கடிதம் கொடுக்கவும் மனமில்லை. ஒரு முழுச் சுற்றுப்போட்டிக் காலத்தையும் அவன் கோட்டுக்கு வெளியே, செருப்புக் காலோடு நின்று பார்த்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் விசிலோடு உள்ளே போகும்போது அவனைக் கடந்துதான் போவேன். ஒரு வீரனின் கால்கள் அவனுக்குச் சொந்தம், அவன் பெயர் எழுதிய தாள் வேறொருவருக்குச் சொந்தம் என்றால் அது எப்படி இருக்கும் என்பதை அங்கே கண்டேன். ஸ்பியர்ஸ் ஆடிய இங்கிலாந்தில் அது லீக்கின் விதியாகவே சுமார் எழுபது ஆண்டுகள் நின்றது.

கல்முனை வாசகர் எழுதியது:

மத்தியஸ்தர் நானா சொன்னது சரியே. ஆனால் ஒரு இடத்தில் சிறிது சேர்க்க விரும்புகிறேன். அந்த வீரர்கள் எதுவும் செய்யாமல் தலைகுனிந்து நின்றார்கள் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடக்கூடாது. 1907இல் மன்செஸ்டரில் பிலி மெரடித் போன்றவர்கள் முன்னின்று வீரர் சங்கத்தை மீண்டும் அமைத்தார்கள். 1909இல் அந்தச் சங்கம் வேலைநிறுத்தத்தின் விளிம்பு வரை சென்று தனக்குரிய அங்கீகாரத்தைப் பெற்றது. ஸ்பியர்ஸ் இங்கிலாந்துக்கு வந்து இறங்கியது அந்தக் கோடைகாலத்தில்தான். ஸ்கொட்லாந்து லீக்கில் இத்தகைய உச்சவரம்பு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் வரம்பு இல்லாத இடத்தில் கொடுப்பதற்குப் பணமும் பல கழகங்களிடம் இருக்கவில்லை. கிளைட் போன்ற ஒரு கழகத்திலிருந்து பார்க்கும்போது, உறுதியான 4 பவுண் என்பது எல்லையைக் கடக்கப் போதுமான காரணமாக ஆயிரக்கணக்கான ஸ்கொட்லாந்து இளைஞர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த 1911ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் பிராட்ஃபோர்ட் அணியின் பதினொருவரில் எட்டுப் பேர் ஸ்கொட்லாந்துக்காரர். பயிற்றுவித்து நடத்திய பீற்றர் ஓ’ரூர்க்கும் ஸ்கொட்லாந்துக்காரரே.

நான் எழுத வந்தது அந்தக் கோலைப் பற்றி. பயிற்றுநர் சேர் அதை ஒரே வரியில் கடந்துவிட்டார். அந்தக் கோலை விளங்கினால்தான் ஸ்பியர்ஸ் எப்படிப்பட்ட வீரர் என்பது விளங்கும்.

அக்காலத்து அணி அமைப்பில் இரண்டு பின்காப்பாளர், மூன்று நடுவரிசையினர், ஐந்து முன்வரிசையினர். ஐவரில் நடுவில் ஒருவர், ஓரங்களில் இருவர்; இவர்களுக்கு இடையே ஆடுகிறவர்களை உள்முன்வரிசை வீரர்கள் என்பார்கள். ஸ்பியர்ஸ் அந்த இடத்துக்காரர். கொஞ்சம் பின்னுக்கு வந்து நடுவரிசையினரிடம் பந்தை வாங்கி, ஓரத்துக்காரருக்குப் பிரித்துக் கொடுத்து, பிறகு தானே கோல் வாய்க்கு ஓட வேண்டும். இன்றைய 10ஆம் இலக்க வீரரின் மூதாதை என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். குறுகிய தூரத்துக்குப் பந்தைக் கைமாற்றிக் கொண்டு முன்னேறும் ஆட்டத்தை 1870களில் கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க் கழகம் வளர்த்தது. இங்கிலாந்துக் கழகங்கள் ஸ்கொட்லாந்து வீரர்களைத் தேடிப் போனதற்கு அந்தக் கலையே காரணம்.

இப்போது ஓஃப்சைட் விதியைப் பாருங்கள். முன்னால் நிற்கும் சக வீரருக்குப் பந்தைக் கொடுக்கும் கணத்தில், இன்று அந்த வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் இருவர் இருந்தால் போதும். 1925 வரை மூவர் இருக்க வேண்டும். அதாவது, கோல் காப்பாளரைத் தவிர இன்னும் இருவர். பின்காப்பாளர்களில் ஒருவர் சரியான நேரத்தில் முன்னே அடியெடுத்து வைத்தாலே தாக்குதல் செத்துவிடும். அந்த வித்தையில் கைதேர்ந்தவர் என்று பெயரெடுத்தவர் பில் மெக்ராக்கன். 1925இல் விதியை மாற்றும்போது அவருடைய பெயரைச் சொல்லாதவர்கள் இல்லை. 1911 இறுதியாட்டத்தில் நியூகாஸிலின் பின்வரிசையில் நின்றவர் அவர்தான். அப்படிப்பட்ட அணியை ஊடுருவிப் பந்தைத் தள்ளி ஓடுவது எளிதல்ல. கோல் எப்படி வந்தது? உயர்ந்து வந்த பந்தை ஸ்பியர்ஸ் தலையால் முட்டினார். முன்வரிசையின் நடுவில் நின்ற ஃபிராங்க் ஓ’ரூர்க் கோல் வாயை நோக்கிப் பாய்ந்தார். கோல் காப்பாளர் ஜிம்மி லோரன்ஸ் ஒரு கணம் பந்தை விட்டுப் பாய்ந்து வருபவரைப் பார்த்தார். பந்து மெதுவாக உருண்டு உள்ளே போனது. கோல் காப்பாளரைத் தோளால் மோதுவது அன்று விதிக்கு உட்பட்ட செயல் என்பதால், ஓடி வருபவரைக் கண்டு அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது. லோரன்ஸும் கிளாஸ்கோவில் பிறந்தவர். நியூகாஸிலுக்காக இன்றுவரை அவரளவு ஆட்டங்கள் ஆடியவர் வேறெவரும் இல்லை.

பந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்றைய தோல் பந்து இன்றையதைவிடப் பாரமானது என்று எல்லோரும் சொல்வார்கள். விதியின்படி அது 13 முதல் 15 அவுன்ஸ், அதாவது காய்ந்திருக்கும்போது இன்றைய பந்தைவிடச் சற்று இலேசானது. நனைந்த பிறகுதான் அது வேறு பொருளாகிவிடும். என் வாப்பா வைத்திருந்த பழைய தோல் பந்து ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் நெடுங்காலம் கிடந்தது. பதினெட்டுத் துண்டுத் தோல், உள்ளே றப்பர் பிளேடர், வாய்ப்பக்கத்தைச் செருப்பு வார் போன்ற தோல் நாடாவால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். சிறுவனாக இருந்தபோது மழையில் அதை ஒருமுறை தலையால் முட்டினேன். நாடா முடிச்சு நெற்றியில் பட்ட தழும்பு இரண்டு நாட்கள் இருந்தது. தண்ணீர் குடித்த தோலின் பாரம் கழுத்து வரை இறங்கியது. ஆட்டம் முடிந்ததும் வாப்பா அதைத் துடைத்து, நிழலில் காயவைத்து, கொழுப்புப் பூசுவார். வெயிலில் வைத்தால் தோல் வெடித்துவிடும் என்பார். பந்து தலைக்கு வரும் அந்த நொடியில் நாடா எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துத் தலையைக் கொடுத்த மனிதர்கள் ஸ்பியர்ஸின் காலத்தவர்கள். கிண்ணத்தை வென்ற கோல் தலையால் அடித்தது என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாடாதான் நினைவுக்கு வருகிறது.

கல்லடிப் பயிற்றுநர் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சம்பளத்துக்கு ஒரே கூரை என்ற செய்தி ஒன்றே பையனின் கேள்வியைத் தலைகீழாக்கிவிடுகிறது. கோலைப் பற்றி நான் ஒரு வரியோடு நிறுத்தியது குறைதான், ஒப்புக்கொள்கிறேன்.

இன்னும் இரண்டு விடயங்களைத் தெளிவாக்கினால் நன்று. லீட்ஸ் சிற்றியில் அவருடைய ஆட்டம் எப்படி அமைந்தது? முதலாம் உலகப் போருக்கு அவர் போனது சட்டத்தின் கட்டாயத்தாலா, சொந்த விருப்பத்தாலா? கடைசிப் பகுதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒரு சொல்லும் பிசகக்கூடாது என்று நினைக்கிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் போரைப் பற்றிப் பேசும்போது பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை.

திருக்கோவில் ஆசிரியை எழுதியது:

வணக்கம் சேர். வரலாறு கற்பிக்கிறேன், உதைபந்தாட்டத்தை மகனிடமிருந்து கற்றுக்கொண்டேன். நீங்கள் கேட்ட இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

1911-12 பருவகாலத்தில் லீட்ஸ் சிற்றி இரண்டாம் பிரிவில் 19ஆம் இடத்துக்கு விழுந்து, லீக்கில் தொடர்ந்து இருக்க மற்றக் கழகங்களிடம் மறுபடியும் வாக்குக் கேட்க வேண்டிய நிலையில் இருந்தது. அந்த ஆண்டு அதன் பொறுப்பை ஏற்றவர் ஹேபேட் சாப்மன். பின்னாளில் ஹடர்ஸ்ஃபீல்டையும் ஆர்சனலையும் சம்பியன்களாக்கிய அதே சாப்மன். அணியைப் புதிதாகக் கட்ட எழுந்த அவர், கிண்ணம் வென்ற ஒரு தலைவரைத் தேடி 15 கிலோமீட்டர் தூரம் வந்தார் என்றுதான் 1912 டிசம்பர் விற்பனையை நான் படிக்கிறேன். இன்று அந்த மனிதரின் பெயரை அறிந்தவர்களுக்கு, சாப்மன் தன் புதிய முயற்சிக்கு ஸ்பியர்ஸைத் தெரிந்தெடுத்தது ஒரு தாழ்வாகத் தோன்றாது. அந்தப் பருவகாலத்தில் லீட்ஸ் ஆறாம் இடத்துக்கும், அடுத்ததில் நான்காம் இடத்துக்கும் ஏறியது. முதலாம் பிரிவுக்கு உயர்வது இருவருக்கு மட்டுமே என்பதால் வாசலில் நின்றுவிட்டார்கள். ஸ்பியர்ஸ் அங்கும் அணியை நடத்தி, கோல்களும் அடித்தார்.

1914 ஓகஸ்டில் போர் மூண்டது. ஆனால் லீக் நிற்கவில்லை. 1914-15 பருவகாலம் முழுவதும் ஆடப்பட்டது. உடல் வலுவுள்ள இளைஞர்கள் சம்பளத்துக்குப் பந்து உதைத்துக் கொண்டிருக்கிறார்கள் என்ற கண்டனம் பத்திரிகைகளில் கடுமையாக எழுந்தது. எடின்பரோவின் ஹார்ட்ஸ் கழகத்து வீரர்கள் 1914 நவம்பரில் கூட்டமாகப் படையில் சேர்ந்தார்கள். 1915 ஏப்ரலில் நடந்த கிண்ண இறுதியாட்டத்தைப் பார்க்க வந்தவர்களில் இராணுவச் சீருடையினர் அவ்வளவு பேர் இருந்ததால், அதற்குக் ‘காக்கி இறுதியாட்டம்’ என்றே பெயர் விழுந்தது. அது நடந்த இடமும் ஓல்ட் ட்ரஃபோர்ட்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஸ்பியர்ஸ் கிண்ணத்தைத் தூக்கிய அதே புல்தரை. அந்த ஆட்டத்தோடு தொழில்முறை லீக் நிறுத்தப்பட்டது, வீரர்களின் சம்பளமும் நின்றது.

ஸ்பியர்ஸ் 1915இல் கமரன் ஹைலண்டர்ஸ் என்ற ஸ்கொட்லாந்துப் படைப்பிரிவில் சேர்ந்தார். பிரித்தானியாவில் கட்டாய இராணுவ சேவைச் சட்டம் வந்தது 1916இல். அதுவும் முதலில் மணமாகாதவர்களுக்கு மட்டுமே. ஸ்பியர்ஸ் மணமானவர், பிள்ளைகள் உள்ளவர். ஆகவே சேர், அவர் சட்டத்தால் இழுக்கப்பட்டவர் அல்லர். தானாகப் போனவர் என்று நீங்கள் ஐயமின்றிச் சொல்லலாம். 1916இல் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். 1917இல் துணிவுக்காக இராணுவப் பதக்கம் பெற்றார், சார்ஜன்டாக உயர்ந்தார்.

1917 ஜூலை 31ஆம் திகதி பெல்ஜியத்தில் ஈப்ர நகரை ஒட்டித் தொடங்கிய பெருஞ்சமரைப் பாஷன்டேல் என்ற பெயரால் பலரும் அறிவார்கள். அந்த ஓகஸ்ட் மாதம் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருந்தது. பீரங்கிக் குண்டுகள் வடிகால்களையெல்லாம் சிதைத்திருந்த தாழ்நிலம், களிச்சேறாக மாறியது. மாரியில் எங்கள் வயல்வெளியில் உழவு மாடு வயிறு வரை புதைவதைக் கண்டவர்களுக்கு அந்தச் சேற்றை நான் விவரிக்கத் தேவையில்லை. அதன் நடுவே ஆள் உயரக் குண்டுக் குழிகள் தண்ணீர் நிறைந்து கிடந்தன என்பதை மட்டும் சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டும். ஓகஸ்ட் 20ஆம் திகதியளவில் ஸ்பியர்ஸ் அங்கே கொல்லப்பட்டார். அவருக்கு வயது 31.

உடல் உடனே கிடைக்கவில்லை. போர் முடிந்த பிறகே அது கண்டெடுக்கப்பட்டு, ஈப்ர நகருக்கு வடகிழக்கே உள்ள டொக்கி ஃபாம் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. அந்த இடுகாட்டில் உள்ள கல்லறைகளில் பெரும்பாலானவை பெயர் தெரியாத வீரர்களுடையவை. ஸ்பியர்ஸின் கல்லில் பெயர் இருக்கிறது. ஆண்டுக்கணக்காக ஒரு செய்திக்காகக் காத்திருக்கும் தாய்மாரையும் மனைவிமாரையும் எங்கள் அம்பாறை மாவட்டத்தின் ஒவ்வொரு ஊரிலும் நாம் அறிவோம். பெயர் பொறித்த ஒரு கல் என்பது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விடயம் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள், அவர்களுக்கு விளங்கும்.

இன்னொரு பெயரையும் அந்த மழைநாளில் சொல்ல வேண்டுகிறேன். முதல் ஆட்டத்தில் நடுவரிசையின் மையத்தில் ஆடிய வில்லி கில்டேக்குப் பதிலாக, ஓல்ட் ட்ரஃபோர்ட் ஆட்டத்தில் இறக்கப்பட்டவர் பொப் டொரன்ஸ். நியூகாஸிலின் தாக்குதலை அன்று முழுவதும் மறித்து நின்றவர் என்று புகழப்பட்டவர். அவரும் ஸ்கொட்லாந்துக்காரர், அவரும் அந்தப் போரில், 1918இல், கொல்லப்பட்டார். கோல் அடித்தவரும் அந்தக் கோலைக் காத்தவரும் இரண்டு பேருமே திரும்பவில்லை.

ஏறாவூர் மத்தியஸ்தர் எழுதியது:

டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுத முடியவில்லை. லீட்ஸ் சிற்றியின் முடிவை மட்டும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் அது நான் முன்பு எழுதிய சம்பள விதியோடு பொருந்துகிறது. போர்க்காலத்தில் வீரர்களுக்கு விதிக்கு மாறாகப் பணம் கொடுத்ததாக எழுந்த குற்றச்சாட்டில், கணக்குப் புத்தகங்களைக் காட்ட மறுத்ததற்காக, 1919 ஒக்டோபரில் அந்தக் கழகம் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. அதன் வீரர்களை லீட்ஸ் நகரின் மெற்றோபோல் விடுதியில் ஏலத்தில் விற்றார்கள். விடுதியின் தளபாடங்களைப் போல, அணியின் கோல் கம்பங்களைப் போல, மனிதர்களின் பதிவுகளும் அன்று விலை கூறப்பட்டன. ஸ்பியர்ஸ் உயிரோடு திரும்பி வந்திருந்தால், 33 வயதில், அந்த மண்டபத்தில் அவருடைய பெயரும் வாசிக்கப்பட்டிருக்கக் கூடும். முன்பு நான் ‘வீரரின் பதிவு கழகத்தின் சொத்து’ என்று எழுதியது உவமையல்ல என்பதற்கு அந்த ஏலமே சாட்சி.

கல்முனை வாசகர் எழுதியது:

நானா, அந்த ஏலத்தை நான் இதுவரை கழகத்தின் கதையாகவே படித்திருந்தேன். வீரர்களின் பக்கமிருந்து பார்த்ததில்லை. பயிற்றுநர் சேருக்கு ஒரு சிறு திருத்தம். ஸ்பியர்ஸ் தொடக்கத்தில் ஆடிய மேரிஹில் ஒரு ‘ஜூனியர்’ கழகம் என்று எங்காவது படித்தால், அதை வயதுப் பிரிவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டாம். ஸ்கொட்லாந்தில் ஜூனியர் என்பது லீக் கழகங்களுக்கு அடுத்த நிலையில் தனி அமைப்பாக இயங்கிய ஊர்க் கழகங்களைக் குறிக்கும் சொல். வளர்ந்த ஆண்கள் ஆடியது அது. நமது ஊர்க் கழகங்களோடு ஒப்பிட்டால் பிள்ளைகளுக்கு விளங்கும். பெரிய கழகங்களின் முகவர்கள் வேலியோரம் நின்று வீரர்களைத் தெரிந்தெடுத்தது அங்கேதான்.

கல்லடிப் பயிற்றுநர் எழுதியது:

மேரிஹில் பற்றிய திருத்தம் நல்ல நேரத்தில் வந்தது. நான் அதை அப்படியே பிழையாகச் சொல்ல இருந்தேன்.

நேற்று பின்னேரம் மறுபடியும் மழை. பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். நீங்கள் மூவரும் எழுதியதை இதே வரிசையில் சொன்னேன். முதலில் 4 பவுண், பிறகு தக்கவைக்கும் பட்டியல், பிறகு தோல் பந்து, கடைசியாக டொக்கி ஃபாம். கேள்வி கேட்ட பையன் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்திருந்தான். முடிவில், “அப்ப அவர் கீழ போகல்ல சேர், வித்தவங்க” என்றான். பிறகு கல்முனை வாசகரின் வாப்பாவுடைய பந்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டான். அது இன்னும் பரணில் இருந்தால், ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கல்முனைக்கு வருகிறேன்.